முதலைக்கு அஞ்சு பல்

இதில் ஒரு சொல் பொய் என்றால், சொன்னவன் தொண்டையில் தாமிரபரணித் தண்ணீர் இனி இறங்காமல் போகட்டும். கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரு பக்க மீசை உதிரட்டும். குறைத்துச் சொல்லியிருந்தால் மறு பக்கமும் உதிரட்டும். பெத்தேல்குறிச்சியில் அன்றைக்கு நடந்தது நடந்தபடி இது. நம்பாதவர்கள் நேரில் போய் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் உண்டு, வந்தால்.

வேதக்கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்று காலையில் கிருபைராஜ் தாழ்வாரத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மழை விடிவதற்கு முன்பே பிடித்திருந்தது. உள்ளே இருந்து அவர் மனைவி யூனிஸ் வந்து கொட்டகையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“பானை எங்கன?”

கிருபைராஜ் வாயில் நுரையோடு ஏதோ சொன்னார்.

“துப்பிட்டுச் சொல்லுங்க.”

“கோயில்ல வச்சிருக்கேன். பந்தல் போட்டு முடுக்க அடைச்சிட்டானுவ. காஜா பாய் வண்டி உள்ள வராதுல்லா? கொட்டகை வேற ஒழுகுது. அதான் நேத்து பொழுது சாய நாலு பேரு புடிச்சு, பைய கொண்டு போயி...”

“கோயில்ல எங்கன?”

“உள்ளதான். பீடத்துக்குப் பக்கத்துல. அங்கதான் ஒழுகாது.”

யூனிஸ் சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். குடையை எடுக்காமலே இறங்கி நடந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கத்தினால் கிருபைராஜ் பயந்ததில்லை. கத்தாமல் போனால்தான் பயம். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் பின்னாலேயே ஓடினார்.

அந்தப் பானை சாதாரணப் பானை இல்லை. யூனிஸ் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அங்கே மியூசியத்தில், ஆற்றங்கரைப் பரம்பு மேட்டில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி ஒன்று இருக்கிறது. செத்தவர்களை உள்ளே உட்கார வைத்து, பக்கத்தில் நெல்லும் வைத்துப் புதைத்த தாழி. அதன் தோளில் களிமண்ணை உருட்டி ஒட்டி ஒரு பெண், ஒரு கொக்கு, ஒரு முதலை செய்திருக்கிறார்கள். யூனிஸ் சனிக்கிழமைதோறும் அதன் முன்னால் போய் நின்றாள். காவலாளி அவளை ஆராய்ச்சிக்காரி என்று நினைத்து ஸ்டூல் போட்டுக் கொடுத்தான்.

பிறகு வீட்டுக் கொட்டகையில் தன் தாழியைத் தொடங்கினாள். குளத்துக் களிமண்ணை மிதித்து, உமி சேர்த்து, பாம்பு போலத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்றினாள். ஒரு சுற்று இறுகினால்தான் அடுத்த சுற்று. ஈரச் சாக்கைப் போர்த்தி, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டாள். ஆள் நின்றால் நெஞ்சு வரைக்கும் வரும், அவ்வளவு உயரம். இரண்டு வருஷம் பிடித்தது. அதில் அவள் வைத்த பெண்ணின் இடுப்பில் குடம் இல்லை. கேன் தண்ணீர் இருந்தது. கொக்கு ஒரு லாரி டயரின்மேல் நின்றது. உட்புறச் சுவரில், குனிந்து பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும்படி, ஆற்றுச் சிப்பி, நாணல் வேர், ஆள்காட்டிக் குருவியின் முட்டை, நீர்நாயின் கால் தடம் எல்லாவற்றையும் பச்சை மண்ணில் அழுத்திப் பதித்திருந்தாள். நீர்நாய் தானே வந்து கால் வைத்துவிட்டுப் போனது என்று கிருபைராஜ் சொல்வார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா.

“செத்தவங்கள வைக்கதுக்குத்தான அந்தக் காலத்துல தாழி? நீ என்னத்த வைக்க?” என்று ஒரு நாள் கேட்டார்.

“சாவப்போறத” என்றாள்.

முதலை மட்டும் முதலை மாதிரியே இருந்தது, ஒன்றைத் தவிர. அதன் வாயில் வரிசையாக அஞ்சு பல். ஜேசிபி வாளிக்கு இருக்கிற அதே அஞ்சு பல்.

அதுதான் வினையாகிப்போனது. அவ்வளவு பெரிய தாழியைச் சுட ஊரில் இருந்தது ஒரே சூளை, கிங்ஸ்டனுடைய செங்கல் சூளை. கிங்ஸ்டன் யூனிஸுக்குப் பெரியப்பா மகன். ஆற்றில் மண் அள்ளும் வண்டிகளும் அவருடையவைதான். தங்கச்சி கேட்டாளே என்று சும்மாவே சுட்டுக் கொடுத்தார். சூளையைப் பிரித்த அன்றைக்குப் பானையைச் சுற்றி வந்தவர், முதலைக்கு முன்னால் நின்றார். விரலால் பல்லை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அன்றையிலிருந்து தங்கச்சி வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

இப்போது அந்தத் தாழி பொழுது சாய்வதற்குள் மியூசியத்துக்குப் போயாக வேண்டும். மறுநாள் அங்கே கண்காட்சித் திறப்பு விழா, அதில் வைக்க யூனிஸின் தாழியையும் கேட்டிருந்தார்கள். பழைய தாழிக்குப் பக்கத்திலேயே பீடம் போட்டு வைத்திருந்தார்கள். சாயங்காலம் அறையைப் பூட்டிவிடுவோம், பிறகு வந்தால் வராண்டாவில்தான் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

கோயில் வாசலில் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு, மேலப்பாளையம் காஜா முகைதீன் வைக்கோலுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கம் பந்தலுக்குள் ஆளுயர அண்டாக்களில் சோறு கொதித்தது. ஆட்டுக்கறி மசாலா மணம் மழையையும் மீறி ஊரெல்லாம் நின்றது. அன்று பெய்த மழையில் கொக்குகள்கூடக் கோயில் வராண்டாவில் வரிசையாக ஒதுங்கியிருந்தன. ஜெபம் சொல்லும்போது சபையோடு அவையும் எழுந்து நின்றன.

யூனிஸ் உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டாள்.

பீடத்தின் முன்னால் பூசணிக்காய், வாழைத்தார், கரும்பு, முட்டைக் கூடை, கால் கட்டிய சேவல்கள். நடுவில் அவளுடைய தாழி. வாய்வரைக்கும் நெல். கழுத்தில் சம்பங்கி மாலை. முதலையின் அஞ்சு பல்லிலும் யாரோ சந்தனம் தடவியிருந்தார்கள்.

“யாரு இதுல நெல்லக் கொட்டி மாலை போட்டது?” என்றாள்.

கோயில்குட்டி, அதாவது மணியடித்து விளக்கேற்றுகிறவர், பெருமையோடு வந்தார். “பீடத்துக்கிட்ட வச்சிட்டுப் போனா காணிக்கைதான, டீச்சர்? ஒங்க வீட்டுக்காரரு இவ்வளவு பெரிய காணிக்கை கொண்டாருவாருன்னு நாங்க நெனைக்கவே இல்ல. போதகர் ஐயா இப்பதான் கை வச்சு ஜெபம் பண்ணிட்டுப் போறாங்க.”

கிருபைராஜுக்கு வாயிலிருந்த பற்பசை காய்ந்து ஒட்டிக்கொண்டது. வேறு ஊர்க்காரன் என்றால் தூக்கிக்கொண்டு போயிருப்பான். பெத்தேல்குறிச்சியில் பிறந்தவனுக்கு அது முடியாது. ஜெபம் பண்ணிய காணிக்கை திரும்பி வாசல் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமானால் ஒரே வழி, ஏலம்.

அந்த ஏலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மற்றக் கோயில்களில் காணிக்கைப் பொருளை ரூபாயில் ஏலம் விடுகிறார்கள். பெத்தேல்குறிச்சியில் ரூபாய் செல்லாது. தாது வருஷப் பஞ்சத்தில், இந்தக் கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரப் பாதிரியார் சட்டைப்பை நிறைய வெள்ளிக் காசு வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தாராம். வாங்க ஒரு பிடி தானியம் இல்லை. காசைக் கடித்துப் பார்த்தார், பல்தான் ஆடியது. அன்றைக்குப் போட்டார் சட்டம். விளைந்ததை விளைந்ததால்தான் கேட்க வேண்டும். முளைத்தது, பிறந்தது, ஊறியது எதுவும் செல்லும்; அச்சடித்தது செல்லாது. கேட்டவன் கேட்டதைச் சாயங்கால மணிக்கு முன்னால் கொண்டுவந்து பீடத்தின் படியில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அது கோயிலுக்கு. அதற்குப் பிறகு அதன்மேல் அவன் விரல் படக் கூடாது.

இந்தச் சட்டத்தால் ஊரில் எது எதற்குச் சமம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கிடா ஏழு வருஷமாக ஏலத்தில் போய்ப் போய்த் திரும்பி வந்து, கடைசியில் தானே பண்டிகை நாளைத் தெரிந்துகொண்டு வந்து நிற்கப் பழகியிருந்தது. அன்றைக்கும் வந்திருந்தது.

“நாம கேட்டு எடுத்திரலாம்ளா” என்றார் கிருபைராஜ். “நம்ம பானைய வேற எவன் கேக்கப்போறான்? ரெண்டு சேவலோட முடிஞ்சிரும்.”

யூனிஸ் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே கிங்ஸ்டன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, நனையாத சட்டை. அந்தக் கோயிலில் எதைத் தொட்டாலும் அவர் பெயர் கையில் இடறும். பெஞ்சில் ‘உபயம்: கிங்ஸ்டன்’. மின்விசிறி றெக்கையில் ‘உபயம்: கிங்ஸ்டன்’, சுற்றும்போது மட்டும் படிக்க முடியாது. டியூப் லைட்டில் அவர் பெயரை எழுதி எழுதி வெளிச்சம் வருகிற இடம் குறைந்துபோயிருந்தது.

“வாங்க மச்சான்” என்றார் கிருபைராஜ்.

“வந்திருக்கேன் மாப்ள” என்ற கிங்ஸ்டன், தாழியைப் பார்த்துச் சிரித்தார். “முதலைக்குச் சந்தனமெல்லாம் பலமா இருக்கே. ஏளா யூனிஸ், ஒரு சங்கதி சொல்லு. இது வெறும் முதலைதானா?”

“பாக்கவங்களுக்கு எது தெரியுதோ அதுதான், அண்ணே.”

“எனக்கு நான்தான் தெரியுதேன்.”

“அப்ப நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்.”

கிங்ஸ்டனுடைய சிரிப்பு நின்றது. “மியூசியத்துல வச்சு, வர்றவன் போறவனுக்கெல்லாம் என்னக் காட்டி, இந்தா பாரு ஆத்தத் தின்ன முதலைன்னு சொல்லப்போற. அப்படித்தான? இன்னைக்கு இத நான் எடுக்கேன். எடுத்து, வந்த சூளைக்கே கொண்டுபோயி, சல்லி சல்லியா ஒடைச்சு, ரோட்டுக் குழிக்குக் கொட்டுதேன். நாளைக்கு நீ அதுமேல ஏறித்தான் பஸ்ஸுக்குப் போவணும்.”

ஆராதனை முடிந்தது. மழை கூடிக்கொண்டே வந்தது. கோயில் மேட்டின்மேல் இருக்கிறது. வடக்கு வாசலிலிருந்து கல்படிகள் நேராக ஆற்றில் இறங்குகின்றன. கோயில்குட்டி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “தண்ணி கீழ்ப்படியத் தொட்டிருச்சி” என்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோரும் ஏலத்துக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏலம் விடுகிறவர் சாரம்மாள் டீச்சர். ஊரில் வழுக்கை விழுந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். கையில் பள்ளிக்கூடத்துப் பித்தளை மணி. அது மூன்று தரம் அடித்துவிட்டால் போதகரே சொன்னாலும் மாறாது. பூசணி ஒரு படி எள்ளுக்குப் போயிற்று. முட்டைக் கூடை ஒரு வாழைத்தாருக்கு. கிடா வழக்கம்போல நாலு தேங்காய்க்குப் போய், வாங்கினவர் பக்கத்தில் தானே போய் நின்றுகொண்டது.

“அடுத்தாப்புல தாழி” என்றார் டீச்சர். “உள்ள இருக்க நெல்லு கோயில் களஞ்சியத்துக்கு. தாழி மட்டும்தான் ஏலம். கேளுங்க.”

“ரெண்டு சேவல்” என்றார் கிருபைராஜ்.

“ஒரு பால்மாடு” என்றார் கிங்ஸ்டன்.

கோயிலே அவரைத் திரும்பிப் பார்த்தது. சேவலுக்கு அடுத்து கோழி, ஆடு என்று படிப்படியாக ஏறுவதுதான் மரியாதை. எடுத்த எடுப்பில் மாட்டைக் கட்டுகிறவன் அடிதடிக்கு வந்தவன்.

“மாடு ஒன் வீட்டுல பொறந்ததா, சந்தையில வாங்குனதா, லே?” என்று கேட்டார் டீச்சர்.

“வீட்டுல பொறந்ததுதான் டீச்சர்.”

“சரி. மாட்டுக்கு மேல?”

கிருபைராஜ் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தாழியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் வீட்டில் ஒரே ஒரு மாடு உண்டு, லில்லி. கிங்ஸ்டன் மாட்டுக்கு மேல் போக வேண்டுமே. “மாடும் கன்னும்” என்றார்.

“மாடும் கன்னும், வாழத்தோப்புல இந்த வருசத் தாரு முழுக்க.”

“மாடும் கன்னும்... எங்க பலாவும். காய் இல்ல டீச்சர், மரமே.”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. அந்தப் பலாவின் காய்க்குத் திருநெல்வேலி டவுணிலிருந்து ஆள் வரும். அதன் சுளையைத் தின்றுவிட்டுப் பெயர் சொன்னால் வாயிலிருந்து தேனீ பறக்கும் என்பார்கள். சிலருக்குப் பறந்தும் இருக்கிறது.

“மாப்ள, இதோட நிறுத்தும்” என்றார் கிங்ஸ்டன், குரலைத் தாழ்த்தி. “நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பாலுக்கு எங்கன போவீரு? ஒரு மண்பானைக்கா இந்தப் பாடு?”

“மண்பானைன்னா நீங்க ஏன் விட மாட்டேங்கிய?”

“அது என் மூஞ்சி வே!”

“அப்ப மூஞ்சிய மாத்தும்” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. யாரென்று தெரியவில்லை. கோயில்குட்டி வாயைப் பொத்திக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போய்விட்டார்.

கிங்ஸ்டனுக்குக் காது சிவந்தது. “மாடு, கன்னு, தாரு, மூணு கோட்டை நெல்லு!”

“நெல்லு எந்த வயல்ல வெளஞ்சது?” என்றார் டீச்சர்.

“கீழ வயல்ல.”

“கீழ வயல்லதான் நீ செங்கலுக்கு மண்ணு வெட்டிட்டியே. அங்கன இப்ப முங்கு நீச்சல்லா அடிக்கானுவ?”

“மேல வயல்ல...”

“அது லாரி நிறுத்துத எடம். ஏலே கிங்ஸ்டன், நான் ஒனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவ. கடைநெல்லு செல்லாது. கையில வெளஞ்சது வேற என்ன இருக்கு, சொல்லு.”

கிங்ஸ்டன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வாழ்நாளில் அந்தக் கோயிலில் ஏலம் தோற்காத மனுஷன். அவரிடம் வண்டிகள் இருந்தன, சூளை இருந்தது, வண்ணார்பேட்டையில் கட்டடம் இருந்தது. அவற்றில் எதுவும் முளைத்ததில்லை.

“பலாவுக்கு மேல இல்லையா?” டீச்சர் மணியைத் தூக்கினார். “ஒரு தரம்.”

கிருபைராஜ் தாழியின் பக்கம் ஒரு அடி நகர்ந்தார்.

“தண்ணி பாதிப்படிக்கு வந்திருச்சி!” என்றார் கோயில்குட்டி.

“ரெண்டு தரம்.”

“ஆறு!” என்று கத்தினார் கிங்ஸ்டன்.

மணி பாதியில் நின்றது.

“என்னது?”

“ஆத்தையே வைக்கேன். என்ன பாக்கிய? மேலத்துறையிலேர்ந்து அணைக்கட்டு வரைக்கும் ஆறு யாருகிட்ட இருக்குன்னு கேட்டுப் பாருங்க. என்னக் கேக்காம ஒரு கொட்டான் மண்ணு எவனாவது அள்ளிருவானா? அது எனக்கு உள்ளதுதான. ஊறுனதுன்னா செல்லும்லா? ஆறு ஊறுனதுதான. ஆத்த வைக்கேன்! இதுக்கு மேல கேக்கட்டும் பாப்போம்!”

இதற்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. ஆனால் கிருபைராஜ் இருந்த நிலையில் அவருக்கு ஆறும் தெரியவில்லை, குளமும் தெரியவில்லை. இரண்டு வருஷம் பெண்டாட்டி சாக்கு நனைத்த கொட்டகைதான் கண்ணில் நின்றது. வீட்டுக் கிணறு ஒன்று மிச்சம் இருந்தது. கோடையிலும் வற்றாத கிணறு. அதையும் வைத்துவிடுவது என்று வாயைத் திறந்தார்.

யூனிஸ் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிந்தது.

“கேக்காதீங்க.”

“ஏளா, பானை...”

“விடுங்க. பேசாம நில்லுங்க.” அவள் குரல் தணிந்திருந்தது. “அவரு என்னத்த வச்சிருக்காருன்னு பாத்தியளா? வச்சா அது கோயிலுக்கு. அதுக்கப்புறம் அவரு வெரல் அதுல படக் கூடாது.”

கிருபைராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. ஆனால் கை பிடியை விடவில்லை. தாழியை அவள் ஒரு தரம் பார்த்தாள், பஸ் ஏறிப் போகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல. பிறகு டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“ஆறு, ஒரு தரம். ஆறு, ரெண்டு தரம்.” டீச்சர் நிதானமாகக் கூட்டம் முழுவதையும் பார்த்தார். “ஆறு, மூணு தரம்.” மணி அடித்தது.

கிங்ஸ்டன் வேட்டியை மடித்துக் கட்டினார். அரை நிமிஷம் வெற்றிக் களிப்பில் நின்றார். அதற்குப் பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

“டீச்சர், அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“பீடத்துக்கு முன்னாலயா பேச்சுக்குச் சொல்லுத?”

“இல்ல டீச்சர், சட்டப்படியே பாப்போம்.” அவர் முகம் மெல்லத் தெளிந்தது. “சாயங்கால மணிக்குள்ள கொண்டாந்து படியில வைக்கணும். அதானே சட்டம்? ஆத்த எப்படிக் கொண்டார? மூணு தரம் அடிச்சது அடிச்சதுதான், எனக்கு அடுத்தாப்புல கேக்க எவனுக்கும் வழி கெடையாது. பொருளும் வரல, ஏலமும் முடிஞ்சுது. அப்ப தாழி கோயில்லயே கெடக்கட்டும். மியூசியத்துக்கும் போவாது. எனக்கு அது போதும்.”

சட்டம் அப்படித்தான் சொன்னது. டீச்சரே உதட்டைக் கடித்தார். வெளியே காஜா முகைதீன் வண்டியின் ஹாரனை அடித்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஆறும் போயிற்று, தாழியும் போயிற்று. யூனிஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கிருபைராஜ் பக்கத்தில் நின்றார். தொடுவதற்குத் தைரியம் வரவில்லை. பந்தலில் ஒருவரும் பந்தியில் உட்காரவில்லை. கறி ஆறிக்கொண்டிருந்தது. பெத்தேல்குறிச்சி வரலாற்றில் அது அதற்கு முன் நடந்ததில்லை.

கோயில்குட்டி சாயங்கால மணியின் கயிற்றைக் கையில் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார்.

“ஏ டீச்சர்... வடக்கு வாசலப் பாருங்க.”

வடக்கு வாசல் நிலைப்படியின்மேல் ஒரு நாக்கு அகலத்துக்குத் தண்ணீர் ஏறியது. தயங்கி நின்றது, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல. பிறகு பெஞ்சுகளுக்கு நடுவில், கல்யாணப் பெண் நடக்கிற பாதையில், சத்தமில்லாமல் வந்தது. நேராக வந்தது. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள், ஒருவர் காலையும் நனைக்கவில்லை. பீடத்தின் முதல் படியைத் தொட்டது. அதன்மேல் ஒரு கெண்டைக் குஞ்சை வைத்தது. வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. வராண்டாவில் கொக்குகள் எழுந்து நின்றன. கெண்டையை ஒன்றும் தொடவில்லை.

அதற்குப் பிறகுதான் கோயில்குட்டி கயிற்றை இழுத்தார்.

முதலில் பேசியது யூனிஸ்தான்.

“அண்ணே, தாழி ஒங்களுக்குத்தான். எடுத்துக்கோங்க.”

நெல்லைக் களஞ்சியத்துக்கு ஆட்கள் அள்ளி முடிக்கும்வரை கிங்ஸ்டன் சுவரில் சாய்ந்து நின்றார். தாழி காலியானதும் பந்தலுக்குப் போய் அடுப்புக் கிளறுகிற கடப்பாரையோடு வந்தார். கிருபைராஜ் நடுவில் போய் நின்றார். யூனிஸ் அவரை விலக்கினாள். கிங்ஸ்டன் தாழியின் வாயில் கையை ஊன்றி, எங்கே அடிக்கலாம் என்று உள்ளே குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவில்லை.

“என்ன மச்சான்?” என்றார் கிருபைராஜ்.

“சும்மா இரும் வே.” குரல் தாழிக்குள்ளிருந்து வந்தது. “உள்ள சிப்பி, குருவி முட்டையெல்லாம் இருக்கு. இதெல்லாம் நம்ம ஆத்துலயா கெடந்தது?”

“போன மாசங்கூடப் பாத்தேன்” என்றாள் யூனிஸ். “ஒங்க வண்டி நிக்க எடத்துல.”

கடப்பாரை தரையில் ஊன்றியபடியே நின்றது. அடிக்கவும் மனசில்லை, இத்தனை பேருக்கு முன்னால் கீழே போடவும் மனசில்லை. அப்போது காஜா முகைதீன் வாசலில் நின்றபடி, நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

“கிங்ஸ்டன் அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீய. ஒடைச்சா, முதலையப் பாத்துப் பயந்துட்டாருன்னு மேலப்பாளையம் வரைக்கும் நானே சொல்லுவேன், எனக்கு வாய் சும்மா இருக்காது. மியூசியத்துக்கு அனுப்புனா, கீழ ஒரு அட்டையில ‘உபயம்’ன்னு ஒங்க பேரு இருக்கும். வெள்ளைக்காரன்லாம் வந்து படிப்பான்.”

“வெள்ளைக்காரனா?”

“ஏரோப்பிளேன்ல வருவான் அண்ணாச்சி.”

கிங்ஸ்டன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். “எழுத்து பெருசா இருக்குமா?” என்று யூனிஸிடம் கேட்டார்.

“நானே எழுதுதேன், அண்ணே.”

நாலு பேர் பிடித்துத் தாழியை வைக்கோலில் இறக்கினார்கள். மியூசியத்தின் கதவைப் பூட்டப் போன காவலாளி, பழைய பழக்கத்தில் யூனிஸுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான். கிருபைராஜ் அன்றைக்கு இரவு பந்தியில் மூன்று தரம் கறி வாங்கினார். யூனிஸ் அவர் இலையில் தன் எலும்பையும் எடுத்து வைத்தாள்.

தாழி இப்போதும் அங்கேதான் நிற்கிறது. முதலையின் வாய்க்கு நேர் கீழே, பெரிய எழுத்தில், ‘கிங்ஸ்டன்’. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார். ஆற்றிலிருந்து வண்டிகளை மறுநாளே ஏற்றிவிட்டார்; கோயில் சொத்தில் விரல் வைக்கிற ஆள் இல்லை அவர். நாணல் முளைத்துவிட்டது. நீர்நாய்கள் வந்து, போன தரம் கால் பதித்ததற்குக் கூலி கேட்பதாகக் கிருபைராஜ் சொல்கிறார்.

பெத்தேல்குறிச்சிக் கோயிலில் ஏலம் ரூபாயில்தான் கேட்கிறார்கள். கோயில் கட்டிய நாள் முதல் ரூபாயில்தான். இதைச் சொன்னவனுக்கு இப்போது இரண்டு பக்கமும் மீசை இல்லை.